பூங்காவனம் கலக்கிக் கொடுத்தது

அன்றைக்கு முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். சன்னலோர மர நாற்காலியில் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம். துறைமுகக் கிடங்கில் எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணி. சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே பிரம்பு நாற்காலியில் கணேசமூர்த்தி. வீட்டுக்காரி சந்திரமதிக்குத் தாய்மாமன், பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். அவருக்கு முழங்கை படும் தூரத்தில், பெஞ்சில் சேதுபதி. சந்திரமதியின் தம்பி, அதே கம்பெனியில் டிரைவர். வாசல் பக்கம் பாயில், வைத்த மருந்தை எடுப்பதற்காக உஜோங் பாசிரிலிருந்து வரவழைக்கப்பட்ட அஞ்சலை, மடியில் ஒரு துணிப்பையோடு. அடுக்களைக்குப் போகும் வழியை அடைத்தாற்போல் மணையைப் போட்டுக்கொண்டு சந்திரமதி.

ஆறாவது ஆளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சேதுபதியின் மனைவி பூங்காவனம் அடுக்களைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சீலைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் தெரிந்தன. சந்திரமதி மணையை அங்கே போட்டதே அந்தப் பாதங்கள் நகர்கின்றனவா என்று பார்க்கத்தான்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து இரண்டாம் வருஷம். சீனப் பெருநாள் நெருங்கிவிட்டதால் காஜா பேராங் சாலை நெடுகச் சிவப்புக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மட்டும் ஒரு மாதமாகவே யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை.

சந்திரமதி எதையும் வரிசை பிடித்துச் சொல்கிறவள். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள் என்பதால், அவன் உடம்பில் ஒரு மயிர் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

“மொதல்ல மூஞ்சியப் பாருங்க மாமா,” என்று தொடங்கினாள். “அந்தா தொங்குது கல்யாணப் போட்டோ. கன்னம் ஒட்டியிருக்கா? இப்ப பாருங்க, ஊதி வெச்ச மாதிரி உருண்டு கெடக்கு. பின்கழுத்துல திமிலு. வயிறு முன்னால வந்துருச்சு. கையும் காலும் மட்டும் குச்சி.”

“பொண்டாட்டி வந்தா ஆம்பள பெருக்கிறதுதான்,” என்றார் கலியாணசுந்தரம். “நானே கல்யாணத்துக்கு முந்தி மூங்கிலு மாதிரி இருந்தவன்தான்.”

“நீங்க பெருத்தது வயிறு. மூஞ்சி இன்னும் கருவாடாத்தான் இருக்கு.”

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற மனிதர் இல்லை. சர்க்கரை வியாதியை மறைத்து வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவரைப் போன வருஷம் கம்பெனியில் சொல்லிக் கீழே இறக்கியவர். அந்த டிரைவர் அவருக்கு ஒன்றுவிட்ட சகலை.

“ரெண்டாவது பசி,” என்றாள் சந்திரமதி. “பசியாறிட்டுப் போறான், டிப்போவுல மறுபடியும் பசியாறுறான். நடுச்சாமத்துல சட்டியச் சுரண்டுறான். மூணாவது, தூக்கம் கெடையாது. நாலாவது அந்த வெரலு.”

எல்லாரும் சேதுபதியின் விரல்களைப் பார்த்தார்கள். அவன் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

அந்த விரல்கள்தான் சந்திரமதிக்கு விளங்காத பெரிய விஷயம். கல்யாணத்துக்கு முந்திய வருஷம் முழுக்க அவை காலையில் மடங்கியே கிடக்கும். கணு ஒவ்வொன்றும் பாக்குப்போல வீங்கியிருக்கும். சட்டைப் பொத்தானை அவள்தான் மாட்டி விடுவாள். எத்தனையோ எண்ணெய் தேய்த்தும் மசியாத வாதம், லாபிஸ் ரப்பர் தோட்டத்திலிருந்து பூங்காவனம் மருமகளாக வந்து சேர்ந்த சில மாதத்திற்குள் சொல்லிவைத்தாற்போல் மறைந்து போயிற்று. ‘எண்ணெய் கேட்டிருச்சு அக்கா’ என்றான் அவன். எண்ணெய்ப் போத்தல் பாதிக்கு மேல் அப்படியே இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

“நல்லதுதானே ஆயிருக்கு?” என்றார் கணேசமூர்த்தி.

“கெட்டது வந்தா ஏன்னு கேக்கறோம். நல்லது வந்தாலும் கேக்கணும் மாமா. சும்மா வருமா?” அவள் குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் சீலைக்குப் பின்னால் கேட்கும்படிதான் பேசினாள். “போன வாரம் நான் வெள்ளனே எழுந்து அடுக்களைப் பக்கம் போனேன். இவ ரெண்டு கரண்டிக்கு நடுவுல என்னமோ வெச்சு நசுக்கிக்கிட்டு இருந்தா. வெள்ளையா மாவாட்டம். அத டின்பாலுல கொழச்சு அவன் வாயில வெச்சா. அவன் கண்ண மூடிக்கிட்டு முழுங்கினான். என்னப் பாத்ததும் கரண்டிய முந்தானையில மறைச்சிக்கிட்டா.”

புருஷனை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் மருந்து வைப்பார்கள் என்பது அங்கிருந்த எல்லாரும் அறிந்த சங்கதி. வைத்த மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை ஊத வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், கடைசியில் உயிரைக் குடிக்கும் என்று அஞ்சலை வந்ததும் வராததுமாகவே சொல்லியிருந்தாள்.

கணேசமூர்த்தி சீலையைப் பார்த்துக் கேட்டார். “என்னம்மா கலக்கிக் குடுத்தே?”

பாதங்கள் அசையவில்லை. பதில் மட்டும் வந்தது.

“டின்பாலுதாங்க மாமா.”

“வெறும் டின்பாலா?”

“ஆமாங்க.”

பொய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சந்திரமதி தம்பியைப் பார்த்தாள். அவன் ஒருதரம் பக்கத்திலிருந்த மாமாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கட்டியவளைப் பற்றிக் கூடத்தில் இவ்வளவு பேசியும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாதவன், தன் புத்தியில் இருப்பானா? அவள் சந்தேகத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அஞ்சலை அவன் உள்ளங்கையில் ஏதோ இலைச்சாற்றை விட்டுத் தேய்த்தாள். சாறு தயிர்போலக் கெட்டிப்பட்டது. “வெச்சிருக்கு,” என்றாள். பையிலிருந்து ஒரு பித்தளைக் குழலை எடுத்து அவன் வயிற்றில் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சி, தண்ணீர்க் கிண்ணத்தில் துப்பினாள். புளியங்கொட்டை அளவில் கருப்பாக ஒன்று கிண்ணத்தின் அடியில் போய் நின்றது.

“அது வர்றப்பவே உங்க வாயில இருந்திருக்கும்,” என்றார் கலியாணசுந்தரம்.

“அண்ணே, நீங்க நம்பவேணாம். வயிறு உங்களுது இல்ல.” அஞ்சலை கிண்ணத்தை மூடினாள். “பாதிதான் வந்திருக்கு. இனிமே அவ கைச்சோறு ஆகாது. அவ தொட்டுப் புழங்குன சாமானும் இருக்கக் கூடாது, ஓடுற தண்ணியில விட்டுடணும். ஒன்னு சொல்றேன் கேட்டுக்குங்க. மருந்து எடுத்த ஆளு அதத் தேடுவாரு. எங்க எங்கன்னு அலைவாரு. எரக்கப்பட்டுக் குடுத்துடாதீங்க.”

பூங்காவனத்தை அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்புவது என்று கணேசமூர்த்தி முடிவு சொன்னார். உடம்பு தெளிந்த பிறகு கூப்பிடுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாம். யாரும் மறுக்கவில்லை. சேதுபதியும்தான்.

மறுநாள் காலை அவளைப் பஸ் ஏற்றிவிடச் சந்திரமதியே போனாள். அனுதாபத்தில் இல்லை, ஏறுகிறாளா என்று கண்ணால் பார்க்க. பஸ் நிலையத்தில் பெருநாளுக்கு ஊர் போகிற கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. பூங்காவனம் சின்னத் தகரப்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து சொல்ல வந்து நிறுத்தினாள். வண்டி வந்து, பெட்டியை உள்ளே வைத்த பிறகு, படியில் ஒரு காலோடு திரும்பினாள்.

“அண்ணி, காலையில அவருக்குக் குடுக்கிறத மட்டும் நிறுத்திடாதீங்க.”

சந்திரமதி படியை நெருங்கிப் போனாள். “என்னா சொன்னே?”

“அவருக்கிட்டயே கேளுங்க அண்ணி. தாலி மேல கை வெச்சு சத்தியம் வாங்கியிருக்காரு. நான் சொல்லக்கூடாது. ஆனா நிறுத்திடாதீங்க.”

பஸ் நகர்ந்தது. சந்திரமதி வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் மென்றுகொண்டே வந்தாள். எவ்வளவு துணிச்சல் இருந்தால், வைத்ததை ஒப்புக்கொண்டதோடு, என் கையாலேயே தொடர்ந்து கொடுக்கச் சொல்லுவாள்? அஞ்சலை அவ்வளவு திட்டமாகச் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

வந்த வேகத்தில் பின்னறை அலமாரியையும் அடுக்களைத் தட்டையும் காலி செய்தாள். பூங்காவனம் புழங்கிய இரண்டு கரண்டி, உப்புச் சாடி, டின்பால், மூடி இறுகிய ஒரு மைலோ டின், ஊறுகாய்ப் போத்தல் எல்லாவற்றையும் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் விட்டாள். எதையும் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் அதன் காற்றுகூடத் தன்மேல் படும் என்று பயம்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த சேதுபதி நேராக அடுக்களைக்குப் போனான். தட்டு வெறிச்சோடியிருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“அந்த மைலோ டின் எங்கக்கா?”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கிறவன் மூஞ்சி ஏன் வெளுக்குது?”

அவன் கிணற்றடிக்குப் போனான், திரும்பி வந்து பின்னறையைக் குடைந்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். தேடுவாரு, அலைவாரு என்று அஞ்சலை சொன்னதில் ஒரு சொல் பிசகாமல் நடந்தது. சந்திரமதி வாசற்காலில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பயத்துக்கு நடுவில் ஒரு நிம்மதிகூட இருந்தது அவளுக்கு. நாம் நினைத்தது சரிதான் என்கிற நிம்மதி.

அடுத்த நாள் அவன் டவுனுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். பெருநாளுக்குக் கடைகளெல்லாம் பூட்டியிருந்தன. எங்கே போனாய் என்று கேட்டதற்கு, முடி வெட்டிக்கொள்ள என்றான். தலையில் கத்தரி படவே இல்லை. இதையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாசிப்பயற்றுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குடித்ததைக் குமட்டிக் கொட்டினான். “மிச்சம் வெளிய வருது,” என்று அஞ்சலை ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள். விரல்கள் மறுபடியும் வீங்கின. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றான். வேலைக்குப் போகவேண்டாம் என்று அவள் தடுத்தது ஒன்றுதான் அந்த வாரம் அவள் செய்த நல்ல காரியம். தெருவில் வெடிச்சத்தம் ஓய்ந்த ஒரு காலையில், கிணற்றடியில் வாளியோடு அவன் குப்புற விழுந்து கிடந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது. கலியாணசுந்தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, வேடிக்கை பேசாமல், தெருவில் போன டாக்சியை மறித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் டாக்டர் பொன்னுதுரை. யாழ்ப்பாணத்துக்காரர், நரை விழுந்தவர். சேதுபதியின் சட்டையை விலக்கி, வயிற்றின் பக்கவாட்டில் கத்தரிப்பூ நிறத்தில் ஓடிய கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பின்கழுத்தைப் பார்த்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சந்திரமதியிடம் திரும்பினார்.

“அம்மா, இவர் என்ன குளிசை எடுத்தவர்?”

“குளிசையா?”

“மாத்திரை. இவர் என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்?”

“மாத்திர ஒன்னும் சாப்பிடலைங்க. அவன் பொண்டாட்டி மருந்து வெச்சிட்டா.”

டாக்டர் சிரிக்கவில்லை. “என்ன நிறம்?”

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. “வெள்ளை. மாவு மாதிரி. ரெண்டு கரண்டிக்கு நடுவுல வெச்சு நசுக்கினா.”

“நசுக்கினது எண்டால் முதல்ல அது கட்டியா இருந்திருக்கவேணும்தானே?” என்று சொல்லிவிட்டு, அவர் நர்சிடம் ஆங்கிலத்தில் ஏதோ விரைவாகச் சொன்னார். ஊசி வந்தது. உப்புநீர்ப் போத்தல் தொங்கிற்று.

சந்திரமதி வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சேதுபதிக்கு முழு மாத்திரை தொண்டையில் இறங்காது. சிறு வயதிலிருந்தே அப்படி. ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கொய்னா மாத்திரையை அவள்தான் அம்மிக்கல்லில் நசுக்கி, வெல்லத்தில் உருட்டி, மூக்கைப் பிடித்து ஊட்டினாள். இந்த உலகத்தில் அது தெரிந்த ஆள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். இன்னொருத்திக்கும் தெரிந்திருக்கிறது.

டாக்டர் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள். நம்பிக்கை இன்னும் முழுசாக வரவில்லை. “எதனால சொல்றீங்க அது மாத்திரைன்னு?”

“இந்த முகம் சோத்தால வாற முகம் இல்லை. போன ரெண்டு மூண்டு வருசமா இந்த முகத்தை நாங்கள் பாக்கிறம். புது மருந்து வந்ததுக்குப் பிறகு வந்த முகம்.” அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். “ரத்தத்தில வெள்ளை அணு எண்டு இருக்கு அம்மா. உடம்புக்குக் காவல். கிருமி வந்தால் அடிக்கிறது அதின்ர வேலை. சில பேருக்கு அந்தக் காவல்காரருக்குப் புத்தி பிசகிப் போகும். வீட்டு ஆளையே கள்ளன் எண்டு நினைச்சு, மூட்டுக்குள்ள பூந்து அடிப்பினம். உங்கட தம்பிக்கு விரல் மடங்கினது அதாலதான்.”

“அந்த மாத்திர?”

“அது அவையளை அடக்கிற மருந்து. எங்கட உடம்பே அப்பிடி ஒரு சாமானைச் சுரக்குது. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, அங்கயிருந்து. மாத்திரை அதைப்போலச் செய்தது. அணுவுக்குள்ள போய் எதையோ பிடிக்குது. பிடிச்ச உடனே காவல்காரர் அடங்கிப்போவினம். வலி போயிடும்.”

“எதையோன்னா? என்னான்னு தெரியாமலா குடுக்கிறீங்க?”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி பிடித்திருந்தது போலிருந்தது. “அந்தச் சாமானுக்கு எண்டு அணுவுக்குள்ள ஒரு பிடி இருக்கவேணும் எண்டுதான் யோசிக்கினம். ஒருத்தரும் இன்னும் கண்ணால காணேல்ல. காவல் அணுவில மட்டுமில்லை, கொழுப்பிலயும் எலும்பிலயும் மூளையிலயும் அது போய் வேலை செய்யுது. அதாலதான் முகம் ஊதுது, பசிக்குது, நித்திரை போகுது. குணம் வாற வழியாலதான் கேடும் வருது.”

“அப்ப நிறுத்தினது நல்லதுதானே?”

“அங்கதான் பிழை. வெளியிலயிருந்து தினமும் வருதெண்டால், உள்ளுக்க இருக்கிற சுரப்பி வேலையை விட்டிடும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சால் அது திரும்ப முழிக்கும். ஒரேயடியா நிப்பாட்டினால் வெளியிலயும் இல்லை, உள்ளுக்கயும் இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போயிடும். இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் வைச்சிருந்து கொண்டந்திருந்தால் நான் உங்களோட இப்பிடிக் கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்.” அவர் எழுந்தார். “ஆரம்மா நிப்பாட்டினது?”

சந்திரமதி தன் கைகளைப் பார்த்தாள். நிறுத்திடாதீங்க என்று பஸ் படியில் நின்று சொன்னவளின் முகம் அவளுக்கு எதிரில் வந்து நின்றது. தம்பியைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட ஒரே வார்த்தையை அவள் குற்ற ஒப்புதலாகக் கேட்டிருந்தாள்.

மறுநாள் சேதுபதிக்குப் பேச்சுத் தெளிந்தது. அவளைப் பார்த்ததும் அழுதான். டவுனில் ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் வாங்கிச் சாப்பிட்டதாகவும், பெருநாளுக்கு அதுவும் பூட்டியிருந்ததாகவும் சொன்னான். திடீரென்று விடக்கூடாது என்று அந்தச் சீன டாக்டர் எச்சரித்ததை வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னவனும் அவன்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவனும் அவன்தான்.

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா மாமாகிட்ட போவும். மாமாகிட்ட போனா கம்பெனிக்குப் போவும். வாதம் போகல, மாத்திரையிலதான் வெரலு ஸ்டீரிங் பிடிக்குதுன்னு தெரிஞ்சா விடுவாங்களா? சகலையவே எறக்கினவரு.”

“அன்னிக்குக் கூடத்துல அவள அத்தன பேச்சு பேசினேனே. நீ வாயில என்னாடா வெச்சிருந்தே?”

“மாமா பக்கத்துல உக்காந்திருந்தாருக்கா.” அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். “இப்பவும் மருந்து வெச்சதுன்னே இருக்கட்டும்க்கா. எடுத்தாச்சு, நல்லாயிருச்சுன்னு சொல்லிடுவோம். ரெண்டு மாசம் போனா நானே போயி அவளக் கூட்டிட்டு வந்துடறேன். அவ ஒன்னும் நெனச்சிக்க மாட்டா.”

சந்திரமதி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஊதிப்போன இந்த முகத்துக்குள் தான் வளர்த்தவன் எங்கேயாவது இருக்கிறானா என்று தேடுகிறவளைப்போலப் பார்த்தாள். இத்தனை நாள் அவனைச் சுற்றியிருந்தவர்களையே சந்தேகப்பட்டவள், அவனைச் சந்தேகப்பட்டதில்லை.

வீட்டில் கலியாணசுந்தரமும் தம்பி பக்கம்தான் பேசினார். “அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. வேல போச்சுன்னா அவளயும் சேத்துத்தானே பட்டினி போடணும்? பேரு கெட்டது கெட்டுப் போச்சு. சோறாச்சும் மிஞ்சட்டும்.”

“உங்க தங்கச்சிக்கு இப்படி ஆயிருந்தா?”

“என் தங்கச்சி மருந்து வெக்கிற அளவுக்குச் சமைக்க மாட்டா,” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார்.

அப்படியே விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் அன்று மாலை கணேசமூர்த்தி வந்தார். ஆஸ்பத்திரியில் சேதுபதியைப் பார்த்துவிட்டு நேராக வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“உசிரு போயி உசிரு வந்திருக்கு. இத சும்மா விடக்கூடாது. நாளைக்கு ஸ்டேசன்ல ஒரு ரிப்போட் குடுத்துடப் போறேன். லாபிஸ் போலீசு போயி அவள விசாரிக்கட்டும். நீதான் கண்ணால பாத்த சாட்சி. வந்து சொல்லணும்.”

“தம்பி என்னா சொன்னான் மாமா?”

“ஒன்னும் சொல்லல. சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான்.”

சந்திரமதி கோப்பி கலக்க உள்ளே போனாள். அடுப்படியில் நின்றபடி, பூங்காவனத்தின் அண்ணன் குடியிருக்கும் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் போலீஸ்காரர் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். சத்தியம் வாங்கிக்கொண்டவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சத்தியம் செய்தவள் அங்கேயும் டின்பால்தான் என்றுதான் சொல்லுவாள். கோப்பியை மாமாவுக்குக் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் இருங்க மாமா, ஒரு காயிதம் எழுதணும். போறப்ப போட்டுடுங்க,” என்றாள்.

சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, தேதி, ஊர் எல்லாம் முறையாக எழுதினாள். ‘இங்கு நலம்’ என்று எழுதி, அது உண்மை இல்லாததால் அடித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

‘பூங்காவனத்துக்கு அண்ணி எழுதுவது. நீ போன அன்றைக்கே உன் சாமான்களையெல்லாம் நான் ஆற்றில் போட்டேன். மைலோ டின்னில் மாத்திரை இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பார்க்கவில்லை. அதனால் உன் புருஷன் கிணற்றடியில் விழுந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உயிர் வந்திருக்கிறது. இப்போது பேசுகிறான், கஞ்சி குடிக்கிறான். நீ மருந்து வைக்கவில்லை. மூட்டு வியாதிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை அவன் முழுங்க மாட்டான் என்று நசுக்கிக் கொடுத்தாய். கம்பெனிக்குத் தெரியக்கூடாது என்று அவன் உன்னிடம் சத்தியம் வாங்கி, உன்னைப் பேசவிடாமல் செய்தான். நீ பஸ் படியில் சொன்னதை நான் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். தப்பு முதலில் என்னுடையது, அடுத்தது அவனுடையது. உன்னுடையது இல்லை. மாத்திரையை இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டுமாம், டாக்டர் பொன்னுதுரை பார்த்துக்கொள்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் அடுக்களை உன்னுடையது. இதை உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டு.’

மடித்து உறையில் போட்டாள். முகவரி எழுதினாள். தபால்தலை ஒட்டினாள். உறையின் வாயை மட்டும் ஒட்டாமல் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினாள்.

“தெறந்திருக்கே?”

“படிச்சிட்டு நீங்களே ஒட்டுங்க மாமா.”

கணேசமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கலியாணசுந்தரம் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். படித்து முடித்தவர் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய் மறுபடி படித்தார்.

“இது டாக்டர் சொன்னதா, உன் தம்பி சொல்லிக் குடுத்ததா?”

“டாக்டர் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. போயி கேளுங்க.”

“கேக்கத்தான் போறேன்.” கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இத நான் படிச்சிட்டு சும்மா இருக்க முடியாதுன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பஸ்ஸுல நாப்பது பேரு உக்காந்திருக்கான். கண்ணு இருட்டறவன் கையில ஸ்டீரிங்க குடுக்க என்னால முடியாது. அவன் உன் தம்பியா இருந்தாலும் சரி.”

“குடுக்கச் சொல்லல மாமா.”

“வேற வேல தருவாங்களான்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“கேக்கவும் இல்ல.”

அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். “ஒரு வார்த்த அந்தப் பய அன்னிக்கே சொல்லியிருக்கலாம்,” என்றார். பிறகு, “நான் பக்கத்துல உக்காந்திருந்தேன் இல்ல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“ஸ்டேசனுக்கு?” என்றாள் சந்திரமதி.

“எதுக்கு? இந்தக் காயிதம் இருக்கையில என்னான்னு ரிப்போட் குடுக்கிறது?” உறையின் ஓரத்தை நாக்கில் ஈரப்படுத்தி, மேசைமேல் வைத்துக் கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தினார். “நான் போறப்ப போட்டுடறேன்.”

“நானும் வர்றேன்.”

“ஏன், போடமாட்டேன்னு நெனைக்கிறியா?”

“அப்படித்தான் மாமா.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சந்திரமதி இரண்டடி பின்னால் நடந்தாள். சாலை முழுக்க வெடித்த பட்டாசின் சிவப்புத் தாள் மிதிபட்டுக் கிடந்தது. முனையில் தபால் பெட்டி முன்னால் நின்று, அவர் உறையை அவளிடம் ஒருதரம் திருப்பிக் காட்டினார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டார். கை வெறுங்கையாக வெளியே வரும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.